கேட்ச் தரையில் பட்டது கீப்பருக்கு மட்டும் தெரிந்தால்?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. பள்ளி அணியின் விக்கெட் கீப்பர். போன வாரம் ஓர் ஆட்டத்தில் எட்ஜ் ஆகி (பேட்டின் விளிம்பில் பட்டு) தாழ்வாக வந்த பந்து, தரையில் பட்டுத்தான் கிளவுஸுக்குள் வந்திருக்கிறது. பவுலரும் ஸ்லிப்பில் நின்றவர்களும் கத்த, இவனும் சேர்ந்து கத்தியிருக்கிறான். நடுவர் அவுட் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லிவிட்டான். கோச்சிடம் கேட்டால், "அம்பயர் கை தூக்கினா அவுட் சார், பெரிய பிளேயர்ஸே இதைத்தானே பண்றாங்க" என்கிறார். இது ஏமாற்றா, ஆட்டத்தில் சகஜமா? அடுத்த முறை அவன் என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஏமாற்றுதான். வீட்டுக்கு வந்து தானாகவே சொன்ன பையனிடம் அந்தச் சொல்லை வீச வேண்டாம். ஆனால் கோச்சின் பதிலை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. லீக் ஆட்டங்களில் நடுவராக நிற்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

முதலில் அவனுக்கு விதி சரியாகத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். பந்தைப் பிடித்திருக்கும் கை தரையில் பட்டால் குற்றமில்லை. விரல்கள் பந்துக்கு அடியில் இருந்தால் அது கேட்ச்தான். பந்தும், தன் உடம்பின் ஓட்டமும் முழுக்கத் தன் கட்டுப்பாட்டுக்கு வரும்வரை பந்து தரையைத் தொடக் கூடாது, அவ்வளவுதான். இதில் பெரியவர்களே தடுமாறுவார்கள். 2023 லார்ட்ஸ் டெஸ்டில் பென் டக்கெட் அடித்த பந்தை மிட்செல் ஸ்டார்க் பிடித்துவிட்டு, சறுக்கியபடியே பந்தைத் தரையில் ஊன்றினார். மூன்றாவது நடுவர் நாட் அவுட் என்றார். ஸ்டார்க் எதையும் மறைக்கவில்லை. அத்தனை பேர் கண்ணுக்கும் எதிரே நடந்த, விதியைப் பற்றிய தகராறு அது.

உங்கள் மகனுடைய கதை வேறு. தாழ்வான கேட்சில் கீப்பருக்குக் கை சொல்லிவிடும். நேராக வந்த பந்து கிளவுஸைக் கீழே அழுத்தும்; தரையில் குத்தி வந்தது உள்ளங்கைக்குள் எகிறிக்கொண்டு வரும். 22 கெஜம் தள்ளி நிற்கும் நடுவருக்கு அது தெரியாது. பவுலரின் முன்காலைப் பார்த்துவிட்டுக் கண்ணை நிமிர்த்துவதற்குள் பந்து கீப்பரிடம் போயிருக்கும். நடுவில் ஸ்டம்ப்பும் பேட்ஸ்மேனின் காலும் மறைக்கும். பள்ளி ஆட்டத்தில் ரீப்ளேயும் கிடையாது. ஆகவே அந்தக் கணத்தில் உண்மை தெரிந்த ஒரே ஆள் கீப்பர். அவன் கத்துவது வெறும் அப்பீல் ஆகாது, சாட்சி சொல்வது ஆகும்.

கோச் "பெரிய பிளேயர்ஸ்" என்றதால் அவருக்கு 2003 முல்தான் டெஸ்டை நினைவுபடுத்துங்கள். பாகிஸ்தான் கேப்டனும் கீப்பருமான ரஷீத் லத்தீப், வங்கதேசத்தின் அலோக் கபாலியைக் கேட்ச் பிடித்ததாக அப்பீல் செய்தார். அவர் விழுந்து புரண்டபோது பந்து கையை விட்டுத் தரைக்குப் போயிருந்தது. களத்தில் அவுட். பிறகு ரீப்ளே காட்டிக் கொடுத்தது. ஐந்து ஒருநாள் போட்டிகளுக்குத் தடை. வங்கதேசம் அதுவரை ஒரு டெஸ்டில்கூட ஜெயித்ததில்லை. அந்த டெஸ்டை ஒரே ஒரு விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. முதல் வெற்றிக்கு 2005 ஜனவரிவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே டெஸ்டின் கடைசி நாளில் இன்னொன்றும் நடந்தது. பாகிஸ்தானின் இன்சமாமுக்குத் துணையாக எதிர்முனையில் நின்ற உமர் குல், பந்து வீசும் முன்பே கிரீஸை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தார். வங்கதேசப் பவுலர் முகமது ரஃபீக் ஸ்டம்ப்பைத் தட்டியிருந்தால் ரன் அவுட். அவர் எச்சரித்துவிட்டு விட்டுவிட்டார். தட்டியிருந்தாலும் அது ஏமாற்று ஆகியிருக்காது என்பதே என் கருத்து. 2019-இல் ஜெய்ப்பூரில் இதே முறையில் ஜாஸ் பட்லரை நம்ம அஸ்வின் அவுட் ஆக்கியபோது உலகமே திட்டியது. ஆனால் அஸ்வின் எதை மறைத்தார்? கிரீஸுக்கு வெளியே நின்றவர் பட்லர். நடுவர் பார்த்தார், கேமரா பார்த்தது. 2022 அக்டோபரில், கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்சிசி இந்த விதியை 'நியாயமற்ற ஆட்டம்' என்ற பிரிவிலிருந்து எடுத்து, ரன் அவுட் பிரிவுக்கே மாற்றிவிட்டது. பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. ஏமாற்று என்று சொல்ல முடியாது.

கீப்பர்களிலேயே இன்னொருவர், வெஸ்ட் இண்டீஸின் தினேஷ் ராம்தின். 2013 சாம்பியன்ஸ் டிராபியில், ஓவல் மைதானத்தில் பாகிஸ்தானின் மிஸ்பாவைக் கேட்ச் பிடித்ததாக அப்பீல் செய்தார். கீழே விழும்போது பந்து நழுவியிருந்தது. ஆட்டச் சம்பளம் முழுவதும் அபராதம், இரண்டு ஒருநாள் போட்டிகளுக்குத் தடை. பெரிய பிளேயர்ஸும் செய்கிறார்கள் என்பது உண்மைதான். மாட்டினால் தண்டனையும் வாங்குகிறார்கள்.

எட்ஜ் ஆனது தெரிந்தும் தானாக வெளியேறாமல் நிற்கும் பேட்ஸ்மேனை இந்தக் கணக்கில் சேர்ப்பதா என்று கோச் கேட்கலாம். எனக்கு அது பிடிக்காது. 2003 உலகக்கோப்பை அரையிறுதியில், நடுவர் அவுட் கொடுக்காதபோதும் தானே நடந்து போன கில்கிறிஸ்ட்தான் என் ஆள். ஆனாலும் நிற்கும் பேட்ஸ்மேன் வாய் திறப்பதில்லை, முடிவை நடுவரிடம் விடுகிறார். நடக்காததை நடந்ததாகச் சொல்லும் ஃபீல்டர் அதைவிட ஒரு படி கீழே போகிறார்.

ஆஸ்திரேலியாவுக்கு எதிரான 2008 சிட்னி டெஸ்டில் நம்மவர்கள் கொதித்தது இதனால்தான். 30 ரன்னில் எட்ஜ் ஆகியும் பிழைத்த சைமண்ட்ஸ் 162 வரை போனார். அதைவிடப் பெரிய காயம் கங்குலியின் விக்கெட். கேட்ச் விஷயத்தில் ஃபீல்டரின் வார்த்தையை ஏற்பதாகக் கும்ப்ளேயும் பாண்டிங்கும் முன்பே பேசி வைத்திருந்தார்கள். கிளார்க் பிடித்தது சுத்தமானதா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. நடுவர் மார்க் பென்சன் பாண்டிங்கைக் கேட்க, பாண்டிங் விரலை உயர்த்த, கங்குலி அவுட். அந்த டெஸ்டோடு அந்த ஒப்பந்தமும் போயிற்று. வார்த்தைக்கு மதிப்பு இல்லாமல் போனபின் அதை வைத்து யார் ஆடுவார்கள்?

ஆஸ்திரேலியர்கள் பந்தை உப்புத்தாளால் தேய்த்த கேப்டவுன் விவகாரம் உங்களுக்கே தெரியும். அதில் விவாதிக்க எதுவுமில்லை. ஒளித்துச் செய்தார்கள், ஸ்மித்துக்கும் வார்னருக்கும் ஓராண்டு தடை, பேன்கிராஃப்டுக்கு ஒன்பது மாதம்.

கோச்சிடம் தர்மம் பேச வேண்டாம், எடுபடாது. இப்படிக் கேளுங்கள்: "நாளைக்கு என் பையன் நிஜமாவே சுத்தமா ஒரு கேட்ச் பிடிச்சு, அம்பயர் சந்தேகப்பட்டு அவன் முகத்தைப் பார்த்தா, அவர் இவனை நம்பணுமா வேண்டாமா?" உள்ளூர் ஆட்டங்களில் திரும்பத் திரும்ப நிற்பது அதே சில நடுவர்கள்தான். யார் தரையில் பட்டதைக் கேட்கிற கீப்பர் என்பது எங்களுக்குள் சீக்கிரம் பரவிவிடும்.

இனி உங்கள் மகன் செய்ய வேண்டியது. பந்து பட்டது தெரிந்தால் கத்தாமல், கையை விரித்துக் காட்டிவிட வேண்டும். மற்றவர்கள் கத்தி நடுவர் கை தூக்கிவிட்டால், உடனே கேப்டனிடம் ஓட வேண்டும். அப்பீலைத் திரும்பப் பெறக் கேப்டனால்தான் முடியும், அதற்கும் நடுவரின் சம்மதம் வேண்டும். 1980-இல் பம்பாயில் நடந்த ஜூபிலி டெஸ்டில், கீப்பர் கேட்ச் என்று அவுட் கொடுக்கப்பட்ட பாப் டெய்லரைக் கேப்டன் குண்டப்பா விஸ்வநாத் திரும்ப அழைத்தார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் குவித்தார்கள், இந்தியா தோற்றது. இதையும் பையனிடம் மறைக்காமல் சொல்லுங்கள்; நேர்மைக்கு ஸ்கோர்போர்டில் விலை உண்டு.

பட்டதா இல்லையா என்று அவனுக்கே உறுதியில்லை என்றால் "தெரியல சார்" என்று நடுவரிடம் சொன்னால் போதும். அவர் லெக் அம்பயரைக் கலந்துகொள்வார். இதையெல்லாம் ஆட்டத்துக்கு முன்பே கேப்டனிடம் பேசி வைத்துக்கொள்ளட்டும். ஏனென்றால் களத்தில் நேரம் குறைவு. அடுத்த பந்துக்குப் பவுலர் ஓடத் தொடங்கிவிட்டால், பேட்ஸ்மேனைத் திரும்ப அழைக்க முடியாது.