சிகாகோ கூட்டணி ஏன் சிதறியது?

கேள்வி: கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக இல்லாத சிகாகோவில், 1983-ல் ஹெரால்டு வாஷிங்டன் முதல் கறுப்பின மேயரானது எப்படி? அவரை ஜெயிக்கவைத்த பல இனக் கூட்டணி ஏன் நிலைக்கவில்லை?

பதில்: 1980 கணக்கெடுப்பில் சிகாகோவின் கறுப்பின மக்கள்தொகை சுமார் 40 சதவீதம். 1982-ல் நடந்த வாக்காளர் பதிவு இயக்கம் லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பட்டியலில் சேர்த்தது. அடுத்து, ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் வெள்ளையர் வாக்கு, பதவியிலிருந்த மேயர் ஜேன் பைர்னுக்கும் ரிச்சர்ட் எம். டேலிக்குமாகப் பிரிந்தது. வாஷிங்டன் 36 சதவீதத்திலேயே ஜெயித்துவிட்டார்.

அந்த ஊரில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் என்றாலே மேயர் நாற்காலி உறுதி என்ற நிலைதான் பல பத்தாண்டுகளாக இருந்தது. இம்முறை வெள்ளையர் வார்டுகளில் அக்கட்சிக்காரர்களே குடியரசுக் கட்சியின் பெர்னார்டு எப்டன் பக்கம் திரண்டார்கள். 'காலம் கடந்துபோகும் முன்' என்று முடிந்தது எப்டனின் விளம்பரம். கறுப்பினத்தவர் மேயராவதைத் தடுங்கள் என்ற அதன் உட்பொருள் எல்லோருக்கும் புரிந்தது. கறுப்பினத்தவர் ஏறக்குறைய முழுமையாக, லத்தீனோக்களில் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) பெரும்பாலோர், ஏரிக்கரை வார்டுகளின் முற்போக்கு வெள்ளையரில் ஒரு பகுதி என எல்லோரும் சேர்ந்தும் கிடைத்தது சுமார் 52 சதவீதம்தான்.

அந்த வாக்கு நகரமன்ற இடங்களாக மாறவில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்கியது. 50 உறுப்பினர்களில் 29 பேர் மேயரை எதிர்த்த எட்வர்டு விர்டோலியாக் அணி. நகரமன்றக் குழுக்களின் தலைவர் பதவிகளை அவர்கள் பிடித்துக்கொண்டு, மேயரின் நியமனங்களைக் கிடப்பில் போட்டார்கள். ஆனால் மேயரின் வீட்டோவை (தீர்மானங்களை நிராகரிக்கும் அதிகாரம்) முறியடிக்க 34 வாக்கு வேண்டும். அது அவர்களிடம் இல்லை. மூன்று ஆண்டுகள் இழுபறி. கறுப்பின, லத்தீனோ வாக்குகளின் பலத்தைக் குறைக்கும்படி வார்டு எல்லைகள் வரையப்பட்டதாகத் தொடரப்பட்ட வழக்கால், எல்லைகள் மாறி 1986-ல் 7 வார்டுகளில் சிறப்புத் தேர்தல் நடந்தது. 25-க்கு 25 ஆனது. சமநிலையில் மேயரின் வாக்கே தீர்மானிக்கும் என்பதால் நிர்வாகம் அவர் கைக்கு வந்தது.

1987 நவம்பர் 25-ல் அவர் மாரடைப்பால் இறந்தார். ஒரே வாரத்தில் பிளவு. அவரது நகரமன்றத் தளபதி டிமோத்தி எவன்ஸை ஒதுக்கிவிட்டு, பழைய எதிரணி வெள்ளை உறுப்பினர்கள் யூஜின் சாயர் என்ற கறுப்பின உறுப்பினரை மேயராக்கினார்கள். 1989-ல் கட்சித் தேர்வில் சாயரையும் பொதுத் தேர்தலில் எவன்ஸையும் டேலி தோற்கடித்தார். 1983-ல் வெள்ளையர் வாக்குக்கு நேர்ந்த பிரிவு இப்போது கறுப்பினத்தவர் வாக்குக்கு நேர்ந்தது. வாஷிங்டனின் ஆளுமையை நம்பிச் சேர்ந்தவர்களை வார்டு அளவில் ஓர் அமைப்பாகக் கட்டாமல் விட்டதே பெரிய பிழை என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: லாஸ் ஏஞ்சலஸில் கறுப்பின மேயர் டாம் பிராட்லி மட்டும் 20 ஆண்டுகள் நீடித்தாரே?

பதில்: அங்கே நகரத் தேர்தல் கட்சி சார்பற்றது, வேலைவாய்ப்பைக் காட்டி வாக்கு திரட்டும் கட்சி எந்திரம் கிடையாது. கறுப்பினத்தவர் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால், மேற்குப் பகுதி யூத வாக்காளர்களுடனான உறவைப் பிராட்லி தரப்பினர் 1960-களிலிருந்தே கட்டினார்கள். 1969-ல் அப்போதைய மேயர் சாம் யோர்ட்டி இன அச்சத்தைக் கிளப்பிப் பிராட்லியைத் தோற்கடித்தார். அதே கூட்டணியைக் கலைக்காமல் காத்ததால்தான் 1973-ல் அதே யோர்ட்டியை அவரால் வீழ்த்த முடிந்தது.