வாசகர் கேள்வி – பதில்: அலுவலகத் தொலைபேசிகள்

மண்ணடியில் சுங்க முகவர் அலுவலகம் நடத்துகிறோம். 8 லேண்ட்லைன்களும் 24 எக்ஸ்டென்ஷன்களும் கொண்ட பழைய இபிஏபிஎக்ஸ் (அலுவலகத்துக்குள் அழைப்புகளைப் பிரித்துவிடும் பெட்டி) இருக்கிறது. மழை வந்தால் ஒரே இரைச்சல். ஒருவர் பிஆர்ஐ எடுக்கச் சொல்கிறார். மற்றவர் எஸ்ஐபி டிரங்க் போதும் என்கிறார். எங்கள் பழைய எண் மட்டும் கைவிட்டுப் போகக் கூடாது. எதை எடுப்பது?

இரைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் எக்ஸ்சேஞ்ச் அல்ல. எக்ஸ்சேஞ்ச் டிஜிட்டலாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டாலும், அங்கிருந்து உங்கள் மேசை வரை வரும் செம்புக் கம்பியில் ஓடுவது பழைய அனலாக் குரல்தான். தெருமுனைப் பெட்டியிலோ நிலத்தடி ஜாயின்ட்டிலோ ஈரம் இறங்கினால் அது கரகரக்கும்.

உங்களிடம் வந்த இருவரும் விற்பது ஒரே சரக்கு: ஒரே நேரத்தில் எத்தனை அழைப்புகள் பேசலாம் என்ற எண்ணிக்கை. டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளாக எழுதுவதால் ஓர் அழைப்புக்கு 64 கிலோபிட் தேவைப்படுகிறது. அப்படிப்பட்ட 32 இடங்களை ஒரே தடத்தில் அடுக்கினால் 2.048 மெகாபிட், அதுதான் பிஆர்ஐ. அதில் ஓர் இடம் நேர ஒழுங்குக்கும், இன்னொன்று யார் யாரை அழைக்கிறார் என்ற தகவலுக்கும் போக, பேசுவதற்கு 30 மிஞ்சும். நீங்கள் பேசினாலும் மௌனமாக இருந்தாலும், அழைப்பு முடியும்வரை அந்த இடம் உங்களுடையதே என்பதால் குரலின் தரம் ஏறி இறங்காது.

எஸ்ஐபி டிரங்க் என்பது இணைய முறையில் குரலைக் கொண்டுபோகும் இணைப்பு. அதில் அப்படி ஒதுக்கீடு கிடையாது. குரல் வழக்கமாக 20 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, முகவரி ஒட்டப்பட்டு, மற்றத் தரவுகளோடு வரிசையில் போகிறது. முகவரிச் சுமையையும் சேர்த்தால் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் சுமார் 87 கிலோபிட். 10 பேர் சேர்ந்து பேசினாலும் ஒரு மெகாபிட்டைத் தாண்டாது. ஆகவே வேகம் போதாது என்ற கவலை வேண்டாம். மாலையில் உங்கள் அலுவலகப் பையன்கள் சுங்கத் துறையின் இ-சஞ்சித் இணையதளத்தில் ஆவணங்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போது குரல் துண்டுகள் பின்னால் காத்து நிற்பதுதான் சிக்கல். வாடிக்கையாளர் கேட்பது பாதி வாக்கியமாகிவிடும். ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்துத் தர வேண்டும், இல்லையேல் டிரங்குக்கென்று தனி இணைப்பு தர வேண்டும் என்று கறாராகக் கேளுங்கள்.

24 எக்ஸ்டென்ஷன் இருப்பதால் 24 சேனல், அதாவது ஒரே நேரத்தில் 24 அழைப்புக்கான இடம், வேண்டும் என்பதில்லை. இபிஏபிஎக்ஸின் அழைப்புப் பதிவை எடுத்து, வேலை நெருக்கும் நேரத்தில் ஒரே சமயத்தில் எத்தனை லைன்கள் பேச்சில் இருந்தன என்று பாருங்கள். எட்டும் நிரம்பாத அலுவலகத்துக்கு 30 சேனல் வீண் செலவு. உங்களுக்கு 10 சேனல் எஸ்ஐபி போதும் என்பதே என் எண்ணம். பழைய இபிஏபிஎக்ஸில் அதற்கான கார்டு இல்லையென்றால் இரண்டையும் இணைக்கும் கேட்வே பெட்டி ஒன்று தனியாக வாங்க நேரும்; விற்க வருபவர் இதைக் கடைசியில்தான் சொல்வார். ஃபேக்ஸ் இன்னும் இருந்தால், குரலை 8 கிலோபிட்டாகச் சுருக்கும் ஜி.729 முறை அதற்கு ஆகாது; ஃபேக்ஸை இணைய வழியில் அனுப்புவதற்கென்றே உள்ள டி.38 முறை உண்டா என்று விசாரியுங்கள். பழைய எண்ணே முதன்மை எண்ணாகத் தொடரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். புதிய இணைப்பில் அந்த எண் ஒழுங்காக மணியடிக்கும்வரை செம்பு லைன்களைச் சரண்டர் செய்ய வேண்டாம்.

திருவொற்றியூரில் வசிக்கிறோம். முன்பெல்லாம் கரண்ட் போனாலும் லேண்ட்லைன் பேசும். ஃபைபருக்கு மாறிய பிறகு அதுவும் சேர்ந்து செத்துவிடுகிறதே, ஏன்?

பழைய போனுக்கு மின்சாரம் உங்கள் வீட்டிலிருந்து வரவில்லை. எக்ஸ்சேஞ்சில் வரிசையாக நிற்கும் பேட்டரிகளின் 48 வோல்ட்தான் அதே செம்புக் கம்பியில் வந்து போனை உயிரோடு வைத்திருந்தது. ஃபைபரில் வருவது ஒளி மட்டுமே. மோடத்துக்கான மின்சாரம் இப்போது உங்கள் பொறுப்பு. மோடம் அடாப்டரில் 12 வோல்ட் என்று அச்சாகியிருந்தால் அதற்கேற்ற மினி யுபிஎஸ் ஒன்று போதும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் போன் அணைகிறது என்றால், மோடத்தை எந்தப் பிளக்கில் மாட்டியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். டெலிபோன் பில்லில் நள்ளிரவு வெளிநாட்டு அழைப்புகள் ஏறியிருக்கின்றன. இரவுக் காவலாளியைச் சந்தேகிக்கிறேன். சரியா?

அவரைக் கேட்பதற்கு முன் பில்லைப் படியுங்கள். ஒரே நிமிடத்தில் மூன்று நான்கு லைன்களிலிருந்து ஒரே நாட்டுக்கு அழைப்பு போயிருந்தால், அது ஒரு மனிதர் ரிசீவரை எடுத்துச் செய்யும் வேலையல்ல. பல இபிஏபிஎக்ஸ்களில் டீசா என்று ஒரு வசதி உண்டு: வெளியிலிருந்து கடை எண்ணை அழைத்து, ரகசிய எண்ணைக் கொடுத்தால், உங்கள் லைன் வழியாக வேறெங்கும் பேசலாம். பொருத்தியவர் கம்பெனி போட்ட ரகசிய எண்ணை மாற்றாமல் போயிருந்தால், அதைக் கண்டுபிடிப்பவர்கள் இரவில் புகுந்துவிடுகிறார்கள். டீசாவை மூடச் சொல்லுங்கள். நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். வெளிநாட்டு அழைப்பு தேவையில்லை என்றால் அதை இபிஏபிஎக்ஸில் பூட்டாமல் எக்ஸ்சேஞ்சிலேயே தடுக்கும்படி எழுதிக் கொடுங்கள். உள்ளே போட்ட பூட்டை, கடவுச்சொல் தெரிந்தவர் எவரும் திறந்துவிடுவார்.