எத்தனை கிலோ இருந்தால் பைலட் ஆகலாம் என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, பைலட் படிப்புக்காக அடுத்த மாதம் அமெரிக்கா கிளம்புவதாக எழுதியிருக்கிறீர்கள். 108 கிலோ இருக்கிறேன், எவ்வளவு குறைக்க வேண்டும். சின்ன வயதில் ஆஸ்துமா இருந்தது, அதை மெடிக்கல் படிவத்தில் எழுதாமல் விடலாமா. எந்த ஊரில் தங்கலாம். முடித்ததும் வேலை கிடைக்குமா என்று நான்கு கேள்விகள். கடைசி இரண்டையும் தள்ளி வையுங்கள். ஸ்கூலுக்குப் பக்கத்தில் தங்க வேண்டியதுதான். வேலை நிலவரம் நீங்கள் முடிப்பதற்குள் தலைகீழாக மாறியிருக்கும். முதல் இரண்டுக்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும், அந்த இடத்தில்தான் நான் அடிபட்டேன்.

எடைக்கு அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ.வின் விதிகளில் இத்தனை கிலோ என்று ஒரு வரம்பு கிடையாது. ஐரோப்பாவில் பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைச் சொல்லும் எண்) 35ஐத் தொட்டால் இதயத்தையும் தூக்கத்தையும் கூடுதலாகப் பார்த்துவிட்டுத்தான் ஏர்லைன் பைலட்டுக்கு வேண்டிய முதல் வகுப்பு மருத்துவச் சான்று தருவார்கள். அங்கும் கதவை அடைத்துவிடுவதில்லை. உங்களுக்கு முதலில் இடிக்கப்போவது மருத்துவர் அறை இல்லை, பயிற்சி விமானம். இரண்டு பேர் உட்காரும் செஸ்னா 152 கிளம்பும்போது மொத்த எடை 757 கிலோவைத் தாண்டக் கூடாது. விமானத்தின் சொந்த எடையையும் டாங்க் நிறைய எரிபொருளையும் கழித்தால் ஆட்களுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 160 கிலோ. நீங்கள் 108, சொல்லித்தருபவர் 80 என்றால் கணக்கு உதைக்கிறது. எரிபொருளைக் குறைத்துக்கொண்டு போகலாம், அல்லது பெரிய செஸ்னா 172 உள்ள ஸ்கூலாகப் பாருங்கள். பறப்பதற்கு முன் எடைத்தாள் ஒன்று நிரப்ப வேண்டும். கூச்சப்பட்டு அதில் 95 என்று எழுதும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஷூ, பையோடு தராசில் ஏறி நின்று வருவதை எழுதுங்கள்.

எடையைவிட எடையோடு சேர்ந்து வருவதுதான் பயப்பட வேண்டியது: தூக்கத்தில் மூச்சு அடைபடும் ஸ்லீப் ஆப்னியா. 2008 பிப்ரவரியில் ஹவாய் தீவுகளில் ஹோனலூலுவிலிருந்து ஹிலோவுக்குப் போன பயணிகள் விமானம் ஒன்றில் இரண்டு பைலட்டுகளும் தூங்கிவிட்டார்கள். ஹிலோவைத் தாண்டிக் கடல் மேல் போய்க்கொண்டே இருந்தது. கேப்டனுக்குக் கடுமையான ஆப்னியா இருந்தது பிறகுதான் தெரிந்தது. 2013இல் பி.எம்.ஐ. 40க்கு மேல் உள்ள எல்லோருக்கும் தூக்கப் பரிசோதனையைக் கட்டாயமாக்க எஃப்.ஏ.ஏ. முயன்றது, எதிர்ப்பு கிளம்பவே, 2015இல் மாற்றினார்கள். இப்போது மருத்துவருக்குச் சந்தேகம் வந்தால் சான்றைக் கையில் கொடுத்துவிட்டு, பரிசோதனை முடிவைக் கொண்டுவர 90 நாள் தருகிறார்கள். ஆப்னியா இருந்தாலும் பறக்கலாம். நானே மூச்சு அடைபடாமல் காற்றைச் செலுத்தும் சிபாப் மெஷின் மாட்டிக்கொண்டுதான் தூங்குகிறேன். தூக்கத்தில் முக்கால்வாசிக்காவது அதைப் போட்டிருக்க வேண்டும், சராசரியாக 6 மணி நேரம். மெஷினே அதைப் பதிவு செய்துவிடும். அந்த அறிக்கையைக் காட்டித்தான் சான்றைப் புதுப்பிக்கிறேன். ராத்திரி ஹோட்டலுக்கு ஹோட்டல் தூக்கிக்கொண்டு போகிறேன், அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. கேப்டன் சீட்டில் கண் எரியாமல் உட்காருகிறேனே, அது போதும்.

இனி ஆஸ்துமா. இங்கே நம் ஆட்களிடம் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் "எழுதாதப்பா, அவனுக்கு எப்படித் தெரியப்போகுது" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வந்து இத்தனை வருடமாகியும் அதே ஊர்ப் புத்தி! படிவம் "வாழ்க்கையில் எப்போதாவது இருந்ததா" என்றுதான் கேட்கிறது. பொய் எழுதினால் அமெரிக்க மத்திய அரசுச் சட்டப்படி குற்றம்: 5 வருடம் வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். மாட்டினால் லைசென்ஸும் போகும். லேசான, கட்டுக்குள் இருக்கும் ஆஸ்துமாவுக்குப் பரிசோதிக்கும் மருத்துவரே அன்றைக்கே சான்று தர வழி இருக்கும்போது, இந்தத் திருட்டுத்தனம் எதற்கு?

நான் வந்தபோது ஏஜென்ட் ஒருவன் ஃபீஸ் முழுவதையும் முன்பணமாகக் கட்ட வைத்தான். "மெடிக்கல் எல்லாம் அங்கே போய் ஒரு மணி நேர வேலை" என்றான். மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தார், நகர்த்தினார், மறுபடி அதே இடத்துக்கு வந்தார். இதயத்தில் ஏதோ முணுமுணுப்பு கேட்கிறதாம். சான்று தராமல் என் காகிதங்களை ஓக்லஹோமா சிட்டியில் இருக்கும் எஃப்.ஏ.ஏ. மருத்துவப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்து அனுப்பு என்று கடிதம் வந்தது. அனுப்பினால் சின்ன வயது ரிப்போர்ட்டையும் கேட்டார்கள். தொழிற்படிப்புக்கான எம்-1 விசாவில் முதலில் தருவது அதிகபட்சம் ஒரு வருடம், படிக்கும்போது வேலையும் பார்க்க முடியாது. நாள் ஓடுகிறது, கூட வந்தவர்கள் தனியாகப் பறக்கத் தொடங்கிவிட்டார்கள், நான் தபால் பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். ஸ்கூல் ஒரு பைசா திருப்பித் தரவில்லை. அறைத் தோழன் ஒருவன் தன் எக்கோ ரிப்போர்ட்டைப் பெயர் மாற்றி அனுப்பு என்று யோசனை சொன்னான். அவனோடு அன்றைக்கே பேச்சை நிறுத்தினேன். கடைசியில் என் இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று சான்று வந்தது. அந்த மாதங்களில்தான் உடம்பைப் பற்றி மருத்துவரிடம் ஒளிக்காமல், சுற்றி வளைக்காமல் பேசப் பழகினேன். இன்றைக்கு அந்த விஷயத்தில் இங்கேயே பிறந்தவர்களைவிட நான் தேவலை.

அதனால் பணம் கட்டுவதற்கு முன் முதல் வகுப்பு மெடிக்கலை முடியுங்கள். எஃப்.ஏ.ஏ. அங்கீகரித்த மருத்துவர்கள் அமெரிக்காவுக்கு வெளியேயும் இருக்கிறார்கள். திரும்பிப் போய் இந்தியாவில் பறக்கும் எண்ணம் இருந்தால் இந்திய விமானத் துறையான டி.ஜி.சி.ஏ.வின் மெடிக்கலும் தனியாக வேண்டும். ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது. பார்வை கண்ணாடியோடு 6/6 இருந்தால் போதும், ஆனால் நிறப் பார்வையை எந்த மாத்திரையும் சரிசெய்யாது, அதை முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் படிவத்தின் எண்ணை மருத்துவரிடம் கொடுத்து அவர் அதைத் திறந்துவிட்டால் பின்வாங்க முடியாது. எனவே அதற்கு முன்பே ஆலோசனைக்கு மட்டும் என்று சொல்லி ஒருமுறை அவரைப் பாருங்கள். பழைய ஆஸ்துமா ரிப்போர்ட்டுகள், மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் கிளம்புவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். கடல் கடந்து வந்தபின் அந்த ஆஸ்பத்திரியில் உங்கள் போனை எடுக்கவே ஆள் இருக்காது.