பட்டன் பெரிதாக இருந்தால் டயர் கூடுதலாக உழைக்குமா?

கேள்வி: ஏழு பேர் உட்காரும் எஸ்யூவி வைத்திருக்கிறேன். வண்டியோடு வந்த டயர்கள் 45,000 கி.மீ.யிலேயே தேய்ந்துவிட்டன. ஓட்டம் எல்லாம் நெடுஞ்சாலைதான். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை மண் பாதையில் போவேன். அடுத்த செட் நெடுநாள் வர வேண்டும். பெரிய பட்டன் (டயரின் மேல்பட்டையில் புடைத்து நிற்கும் ரப்பர் கட்டி) வைத்த முரட்டு டயர் போட்டால் சீக்கிரம் தேயாது என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் ஓட்டத்துக்கு அதுதான் சீக்கிரம் தேயும்.

அவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. நெடுஞ்சாலைக்கான டயரில் (கடையில் ஹெச்/டி என்பார்கள்) புதிதாக வாங்கும்போது பட்டனின் ஆழம் 8, 9 மி.மீ. இருக்கும். தார், மண் இரண்டுக்கும் பொதுவான ஏ/டி டயரில் 11, 12 மி.மீ. சேற்றுக்கான எம்/டி டயரில் 15 மி.மீ.கூட இருக்கும். எதுவானாலும் 1.6 மி.மீ.க்கு வருவதற்குள் மாற்றியாக வேண்டும். ஆக, ரப்பர் அதிகம் இருக்கிற டயர் அதிக நாள் வரும் என்று கணக்குப் போடத் தோன்றும்.

ஆனால் தார் சாலையில் அந்த உயரமே டயருக்கு எதிரி. தனித்தனியாக நிற்கும் உயரமான பட்டன் ஒவ்வொரு சுற்றிலும் தரையில் பட்டு வளைகிறது, இழுபடுகிறது, பிறகு துள்ளி நிமிர்கிறது. அதில் சூடு ஏறுகிறது, ஓரம் அரைபடுகிறது. பட்டன்களுக்கு நடுவே இடைவெளி அதிகம் என்பதால் தரையைத் தொடும் ரப்பரும் குறைவு. இருக்கிற ரப்பர்மேல் பாரம் கூடுதல். நான் ஒருமுறை தோற்றத்துக்கு ஆசைப்பட்டு எம்/டி டயர் போட்டேன். 20,000 கி.மீ. தாண்டியதும் வண்டிக்குள் பேச முடியாத அளவுக்கு இரைச்சல். பட்டன்மேல் உள்ளங்கையை ஒரு திசையில் தடவினால் வழவழவென்று இருந்தது. எதிர்த்திசையில் தடவினால் ரம்பப் பல் மாதிரி குத்தியது.

உங்களுக்கு நல்ல ஹெச்/டி டயர் போதும். மண் பாதையில் கூர்கல் அதிகம் என்றால், நடுவில் பட்டை விட்டுப்போகாமல் ஓடுகிற ஏ/டி டயராகப் பாருங்கள். வருஷத்தில் மூன்று நாளுக்காக மற்ற நாளெல்லாம் சத்தத்தையும் கூடுதல் எரிபொருளையும் சுமக்க வேண்டாம்.

அதைவிட முக்கியமான ஒன்று. பழைய டயரைக் கழற்றியதும் அப்படியே கடையில் விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். மெதுவாக உருட்டி, முழுச் சுற்றையும் பாருங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு உயரமாக இருந்தால், காற்று குறைவாகவே ஓடியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். உள் ஓரம் மட்டும் வழித்த மாதிரி இருந்தால் அலைன்மென்ட் போயிருக்கிறது. வெளியே நின்று பார்த்தால் இது கண்ணுக்கே படாது, குனிந்து உள்பக்கம் பார்க்க வேண்டும். அங்கங்கே குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பரையோ பேலன்சிங்கையோ பார்க்கச் சொல்லுங்கள். இதைச் சரி செய்யாமல் எவ்வளவு உயர்ந்த டயர் மாட்டினாலும் அதே இடத்தில் அதே மாதிரி தேயும். நான்கும் சீராகத் தேய்ந்திருந்தால் உங்கள் வண்டியில் குறையில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். வண்டியோடு வரும் டயரைத் தேர்ந்தெடுக்கும்போது நிறுவனங்கள் எரிபொருள் சிக்கனத்துக்கும் சத்தக் குறைவுக்கும் அதிக முக்கியத்துவம் தருவது வழக்கம். அடுத்து வாங்கும் செட் அதைவிடக் கூடுதல் தூரம் வர நல்ல வாய்ப்பு இருக்கிறது.

கேள்வி: பிக்கப் வண்டி. வாரத்தில் நான்கு நாள் பின்னால் முழுப் பாரம் ஏற்றுவேன். அதே அளவில் கார் டயர் விலை குறைவாகக் கிடைக்கிறது. போடலாமா?

பதில்: அளவு ஒன்றாக இருந்தாலும் தாங்கும் பாரம் ஒன்றாக இருக்காது. 265/65 ஆர்17 112ஹெச் என்று டயரில் அச்சிட்டிருந்தால், அந்த 112தான் நீங்கள் பார்க்க வேண்டிய எண். அது பாரக் குறியீடு. 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். 116 என்றால் 1,250 கிலோ. 121 என்றால் 1,450 கிலோ.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு கழிவு உண்டு. கார் டயரைப் பிக்கப் வண்டியில் மாட்டினால், அதன் தாங்கு திறனை 1.10ஆல் வகுத்துத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தரவிதி. 1,120 கிலோ அப்போது 1,018 ஆகிவிடும். பின் அச்சின் இரண்டு டயருக்கும் சேர்த்து 2,036 கிலோ. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பின் அச்சின் அதிகபட்சப் பாரம் இருக்கும். அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாரம் நான்கு நாள் முழுப் பாரம் என்றால் எல்டி என்று தொடங்கும் இலகு சரக்கு டயர்தான் சரி. அதில் சி, டி, ஈ என்று பார வரம்பு எழுத்து இருக்கும். எழுத்து ஏற ஏறக் கட்டுமானம் கனமாகும். ஒரே ஒரு எச்சரிக்கை: அதே பாரத்தைத் தாங்க எல்டி டயருக்குக் காற்று அதிகம் வேண்டும். கார் டயருக்கு வைத்த அழுத்தத்தையே இதற்கும் வைத்தால் ஓரம் நொறுங்கித் தேயும். டயர் நிறுவனத்தின் பார, அழுத்த அட்டவணையைக் கேட்டு வாங்கி அதன்படி வையுங்கள்.

கேள்வி: ஒரு டயரில் டிரெட்வேர் (தேய்மானக் குறியீடு) 400, இன்னொன்றில் 640 என்று போட்டிருக்கிறது. 640 எடுத்தால் ஒன்றரை மடங்கு தூரம் வருமா?

பதில்: அப்படிக் கிலோமீட்டராக மாற்ற முடியாது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் சான் ஆஞ்சலோ ஊரைச் சுற்றி சுமார் 640 கி.மீ. நீளப் பாதை ஒன்று இருக்கிறது. அதில் 11,500 கி.மீ. அளவுக்கு வண்டிகளை வரிசையாக ஓட்டி, 100 மதிப்பெண் கொண்ட ஒப்பீட்டு டயரோடு தேய்மானத்தைச் சரிபார்க்கிறார்கள். அதிலிருந்து மதிப்பெண் போடுவது தயாரிப்பாளரேதான். ஆகவே ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட அது உதவும். வேறு வேறு நிறுவனம் என்றால் அதிகம் நம்ப வேண்டாம். எல்டி டயர்களுக்கு இந்த எண் கட்டாயமே இல்லை, தேடி ஏமாறாதீர்கள்.

எண்ணுக்குப் பக்கத்திலேயே டிராக்ஷன் என்று ஏஏ, ஏ, பி, சி என்ற எழுத்தும் இருக்கும். ஈரத் தரையில் பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் பிடிமானம் அது. நீண்ட ஆயுளுக்காக ரப்பர் கலவையைக் கடினமாக்கினால் ஈரப்பிடி குறைவது எளிது. ஏ-க்குக் கீழே போக வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன், பத்தாயிரம் கி.மீ. கூடுதலாக வந்தாலும் மழையில் நிற்காத டயர் வேண்டாம்.

தூர உத்தரவாதம் இருந்தால் அதைப் படித்துவிட்டு வாங்குங்கள். 80,000 கி.மீ. உத்தரவாதம் உள்ள டயர் 60,000-இல் தேய்ந்தால் முழுப் பணமும் திரும்பாது. பெரும்பாலும் மீதி கால்பங்கு அடுத்த டயர் விலையில் கழியும். அதற்கும் டயர்களை இடம் மாற்றிய ரசீதுகளைக் கேட்பார்கள்.

கேள்வி: தள்ளுபடியில் புது டயர் என்று கொடுத்தார்கள். பழைய சரக்கா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரிசை இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 3523 என்றால் 2023-ஆம் ஆண்டின் 35-வது வாரம் செய்தது. ஒரு பக்கத்தில் முழு எண் இல்லையென்றால் மறுபக்கம் பாருங்கள், அநேகமாக அங்கே இருக்கும். நான்கு டயரையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒருமுறை எனக்கு மூன்று புதிதாகவும் ஒன்று மூன்று வருஷப் பழையதாகவும் வந்தது. மாட்டுவதற்கு முன் கேட்டதால் மாற்றிக் கொடுத்தார்கள். மாட்டிய பிறகு கேட்டால் கதை வேறு.

நிழலில், சூடுபடாமல் வைத்திருந்த ஒரு வருஷச் சரக்கில் தவறில்லை. குறைவாக ஓட்டுபவர்களுக்குத்தான் தேதி முக்கியம். பட்டன் தேயும் முன்பே ரப்பர் காய்ந்துவிடும். ஆறு வருஷத்தில் மாற்றச் சொல்லும் வாகன நிறுவனங்கள் உண்டு. பத்து வருஷத்தைத் தாண்டியது ஸ்டெப்னியாகவே கிடந்தாலும் வேண்டாம்.

கேள்வி: டாஷ்போர்டில் டயர் காற்று விளக்கு எரியவில்லை. அப்படியானால் காற்று சரி என்று இருந்துவிடலாமா?

பதில்: கூடாது. அமெரிக்க விதிப்படி அந்த விளக்கு, பரிந்துரைத்த அளவைவிட 25 சதவீதம் குறைந்தபின் எரிந்தால் போதும். 35 பிஎஸ்ஐ வைக்க வேண்டிய டயர் 27-இல் ஓடினாலும் விளக்கு அணைந்தே இருக்கலாம். அந்த 27-இல்தான் ஓரம் தேய்கிறது, உள்ளே சூடு ஏறுகிறது.

இந்த விளக்கு வந்த கதையே துயரமானது. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் எஸ்யூவிகளில் மாட்டியவை. ஓடும்போதே மேல்பட்டை பிரிந்து வண்டி கவிழ்ந்து 200 பேருக்கு மேல் இறந்தார்கள். டயரின் குறையோடு காற்றுக் குறைவும் வெயிலும் பாரமும் சேர்ந்தபோது அது உயிரை வாங்கியது. அந்த ஆண்டே வந்த சட்டம்தான் இந்த எச்சரிக்கை விளக்கைக் கட்டாயமாக்கியது.

மாதம் ஒருமுறை, காலையில் வண்டி எடுக்கும் முன், கேஜ் வைத்து நீங்களே பாருங்கள். கதவுத் தூண் ஸ்டிக்கரில் உள்ள அளவே வேண்டும். டயரின் பக்கவாட்டில் இருப்பது அதன் உச்ச வரம்பு, அதை வைக்கக் கூடாது.

கேள்வி: நான்கு சக்கர இயக்க எஸ்யூவி. ஒரு டயர் வெட்டுப்பட்டுவிட்டது, மற்ற மூன்றும் பாதி தேய்ந்தவை. ஒன்று மட்டும் மாற்றலாமா?

பதில்: எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டி என்றால் கூடாது. புது டயரின் சுற்றளவு கொஞ்சம் பெரிது. பாதி தேய்ந்தவை ஒவ்வொரு சுற்றிலும் அதைவிடக் குறைவாக நகரும். அந்த வித்தியாசத்தை நடு டிஃபரன்ஷியல் (முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) விடாமல் ஈடுகட்ட வேண்டியிருக்கும், சூடாகிக் கெடும். எவ்வளவு வித்தியாசம் தாங்கும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். அதே டயர், அதே அளவு தேய்ந்தது எங்காவது கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அதன் தேதியையும் பாருங்கள். ஸ்டெப்னியும் அதே ரகமாக இருந்து, நீங்கள் ஐந்தையும் சுற்றி மாற்றி ஓட்டியிருந்தால் அதையே மாட்டிவிடலாம். இரண்டும் இல்லையென்றால் நான்கும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும்.