அன்றாட வேலையில் பரிசுத்தமாக வாழ்வது எப்படி? கர்த்தருக்குக் கீழ்ப்படியும் துணிவு எங்கிருந்து வரும்?

முதலில் லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தை முழுவதுமாக வாசித்துப் பாருங்கள். "பரிசுத்தராயிருங்கள்" என்று கட்டளையிட்ட கர்த்தர், அறுவடையில் வயலின் ஓரத்தை ஏழைக்கு விட்டுவைக்கவும், கூலிக்காரனின் கூலியை விடியும்வரை கையில் வைத்துக்கொள்ளாதிருக்கவும், தராசிலும் படியிலும் அநியாயம் செய்யாதிருக்கவும் அதே அதிகாரத்தில் சொல்கிறார். ஆகவே பரிசுத்தத்தை ஞாயிறு ஆராதனையோடும் உபவாசத்தோடும் நிறுத்திக்கொள்ள வேதம் நமக்கு இடம் தரவில்லை.

நான் கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறு நிறுவனத்தின் கணக்குகளைப் பார்க்கிறேன். ஊழியர் சேமநிதிக்காகத் தொழிலாளர் சம்பளத்தில் பிடித்த 11 விழுக்காட்டையும் முதலாளியின் பங்கையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். பணம் முடையாக இருந்த ஒரு மாதம், பிடித்தம் செய்த பிறகும் அதைக் கட்டாமல் வேறு செலவுக்குத் திருப்பும்படி எனக்குச் சொல்லப்பட்டது. அது தொழிலாளியின் கூலி; அதைத் தொட என்னால் இயலாது என்று பணிவாகச் சொன்னேன். சொன்னதோடு நில்லாமல், எந்தெந்தக் கடன்காரரிடம் தவணை கேட்கலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். முதலாளி கோபப்பட்டார், ஆனால் பணத்தைக் கட்டினார். அந்த ஆண்டு எனக்கு மட்டும் போனஸ் இல்லை.

இந்த வழியை, பாபிலோன் அரண்மனைக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட தானியேலிடமிருந்தே கற்றேன். அரசனின் உணவால் தன்னைத் தீட்டுப்படுத்தலாகாது என்று அவர் முதலில் இருதயத்தில் தீர்மானித்தார். பிறகு அதிகாரியிடம் சண்டையிடாமல், பத்து நாள் மரக்கறியும் தண்ணீரும் மட்டும் கொடுத்துச் சோதித்துப் பார்க்கும்படி வேண்டிக்கொண்டார். நெருக்கடி வந்த பின் துணிவைத் தேடினால் கிடைப்பது அரிது; முன்னமே முடிவெடுத்தவருக்குப் பேச வேண்டிய சொற்களை மட்டும் தேடினால் போதும்.

நம் சபைகளில் கீழ்ப்படிந்தவருக்குப் பதவி உயர்வு கிடைத்த சாட்சிகளே மிகுதியாகச் சொல்லப்படுகின்றன. இழப்பைத் தாங்கியவர்களுடைய சாட்சிகளையும் இளையோர் கேட்க வேண்டும். தானியேலின் தோழர்களான சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூவரும், தேவன் தங்களை அக்கினிச் சூளையிலிருந்து விடுவிக்காமற்போனாலும் சிலையை வணங்குவதில்லை என்று அரசனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

உங்கள் வேலையிடத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் கடப்பிதழ்களை வாங்கிப் பூட்டி வைக்கச் சொன்னால், அதையும் இப்படியே எதிர்கொள்ளுங்கள். மலேசியாவின் 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி அது குற்றம். அந்நியனை உன்னைப்போல் நேசி என்பதும் அதே 19ஆம் அதிகாரம்தான். பேசப் போகுமுன் உங்கள் குடும்பத்தாரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், ஏனெனில் வேலை போனால் அந்தப் பாரத்தை அவர்களும் சுமக்க நேரும்.