பாரிஸில் போய் பாடம் கேட்கலாமா?

கேள்வி: மகள் பாரிஸில் வேலை பார்க்கிறாள். சில மாதங்கள் அவளோடு தங்கப் போகிறேன். அங்கே ஒரு பெரிய கல்வி நிலையத்தில் வரலாறு, தத்துவம், இலக்கியம் எல்லாம் யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கேட்கலாமாமே? வாசலிலேயே நிறுத்திவிட மாட்டார்களா? பிரெஞ்சு ஓரளவு புரியும்.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, புதுச்சேரி

பதில்: தைரியமாகப் போங்கள் அம்மா, யாரும் தடுக்க மாட்டார்கள். நீங்கள் சொல்வது கொலேஜ் து பிரான்ஸ். கியோம் புதே என்ற அறிஞர் வற்புறுத்தி, 1530-இல் முதலாம் பிரான்சுவா மன்னர் கிரேக்கமும் எபிரேயமும் கற்பிக்க ஆசிரியர்களை நியமித்ததில் தொடங்கியது அது. சேர்க்கை, தேர்வு, பட்டம் எதுவும் அங்கே கிடையாது. பெயர்கூடக் கொடுக்க வேண்டாம், இடம் இருக்கிறவரை உட்காரலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. அங்கே பேராசிரியர்கள் போன வருஷப் பாடத்தையே திரும்ப நடத்துவதில்லை, இப்போது எதை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களோ அதைத்தான் பேச வேண்டும் என்பதால், புத்தகமாக வருவதற்கு முன்பே ஒரு சிந்தனை உருவாகிற விதத்தை நீங்கள் நேரில் கேட்கலாம். மிஷெல் ஃபூக்கோ என்ற பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் 1971 முதல் 1984 வரை அங்கே உரையாற்றியபோது அவர் மேசை முழுக்க டேப் ரெக்கார்டர்கள், இடமில்லாமல் தரையிலும் ஆட்கள். கூட்டம் குறையட்டும் என்று மாலை வகுப்பைக் காலைக்கு மாற்றிப் பார்த்தார், அப்படியும் குறையவில்லை!

உங்கள் ஊருக்கும் அந்த இடத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. 1955-இல் பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிய ழான் ஃபிலியோஸா கொலேஜ் து பிரான்ஸில் பேராசிரியராக இருந்தவர்தான். அவருக்கு முன்பு அங்கே சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த ழூல் ப்ளோக், திராவிட மொழிகளின் இலக்கண அமைப்பைப் பற்றி 1946-இல் ஒரு புத்தகமே எழுதினார். அதனால் நமக்கு அங்கே என்ன வேலை என்று தயங்காதீர்கள்.

ஒன்று மட்டும் கவனம்: ஜூலை, ஆகஸ்டில் போனால் பாடம் இருக்காது, அக்டோபருக்கு மேல் பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோவில் 10-ஆம் தடத்தில் மோபேர் முத்துவாலிதே நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். நேர அட்டவணை அவர்கள் இணையதளத்திலேயே இருக்கும். பிரபலமான பேராசிரியர் என்றால் கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள்.

கேள்வி: பிரெஞ்சும் தெரியாது, வெளிநாடு போகவும் வசதியில்லை. என்னைப் போன்றவர்களுக்கு?
– கல்லூரி மாணவர், திண்டிவனம்

பதில்: ஆங்கிலம் போதும் என்றால் லண்டன் கிரெஷம் கல்லூரியைத் தேடுங்கள். தாமஸ் கிரெஷம் என்ற வணிகர் எழுதிவைத்த உயிலின்படி 1597-இல் தொடங்கியது, அங்கேயும் பட்டம் கிடையாது, சொற்பொழிவுகள் இலவசம். யூடியூபில் வரலாறு, சட்டம், இசை என்று ஏராளமான உரைகள் கிடக்கின்றன. பெரும்பாலும் ஒரு மணி நேரம்தான். புரியாத இடத்தில் நிறுத்தி, திரும்பப் போட்டுக் கேளுங்கள்.