அப்பாவின் யெஸ்டியை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: ஐயா, அப்பா 1981-இல் வாங்கிய யெஸ்டி 250 எங்கள் மாட்டுக்கொட்டகையில் 14 வருடமாக நிற்கிறது. ரோட்கிங் மாடல் இல்லை, சாதாரண 250. போன வருடம் அப்பா தவறிவிட்டார். அந்த வண்டியை என் கையாலேயே சரிசெய்து ஓட்ட வேண்டும் என்று ஆசை. சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியிருக்கிறேன், அவ்வளவுதான் அனுபவம். கிக்கர் இறங்கவே மாட்டேன் என்கிறது. முழுதாகக் கழற்றி, பவுடர் கோட்டிங், பெயின்ட் எல்லாம் முடித்து வரும் பொங்கலுக்கு ஓட்டிவிடலாமா?
— வாசகர், தாராபுரம்

பதில்: தம்பி, செய்யலாம். உங்கள் கையாலேயே செய்யலாம். ஆனால் முழுதாகக் கழற்றாதீர்கள். பொங்கல் என்று நாளும் குறிக்காதீர்கள்.

1984-இல் எனக்கு 22 வயது. 1966 மாடல் ஜாவா ஒன்று கையில் கிடைத்தது. ஒரு சனி, ஞாயிறில் கடைசி நட்டு வரை கழற்றிவிட்டேன். எல்லாவற்றையும் ஒரே எண்ணெய் டின்னில் போட்டு வைத்தேன். திரும்ப மாட்ட உட்கார்ந்தபோது எந்த வாஷர் எந்த போல்ட்டுக்கு என்று தெரியவில்லை. மூன்று வருடம் அந்த வண்டி சாக்குப்பைகளுக்குள் கிடந்தது. அப்புறம் 30 வருடத்துக்கு மேல் ஈரோட்டில் பட்டறை வைத்திருந்தேன். பாதியில் நின்றுபோன வண்டிகள் மூட்டையாக வந்துகொண்டே இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை கொட்டகையில் முழுசாக நின்ற வண்டிகள்தான். முழுசாக நிற்கிற வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் காரணம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். எல்லாவற்றையும் பிரித்து, புது ஒயரிங், புது கார்புரேட்டர், புது பாயின்ட் என்று மாட்டிய வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் எதைச் சந்தேகப்படுவீர்கள்? அதனால் முதலில் இருக்கிற கோலத்திலேயே அதை ஓட வையுங்கள். பெயின்ட் கடைசி வேலை.

ஸ்பானரை எடுக்கும் முன் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். அப்பா பெயரில்தானே இருக்கும்? இறந்தவர் பெயரிலிருந்து வாரிசுக்கு மாற்றப் படிவம் 31. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கேட்பார்கள். பதிவு 15 வருடத்துக்குத்தான். அதன் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், அதற்குப் படிவம் 25. பழைய மூன்றெழுத்துப் பதிவெண் கொண்ட சில வண்டிகளின் விவரம் கணினியில் ஏறாமல் இருக்கும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இதை முதலிலேயே பார்த்துவிடுங்கள். ‘விண்டேஜ்’ பதிவு செய்துகொள் என்று யாராவது சொல்வார்கள். 2021-இல் வந்த அந்த விதி 50 வயது தாண்டிய வண்டிகளுக்கானது. அந்தப் பதிவு எண்ணோடு தினமும் ஓட்டவும் முடியாது, கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டும்தான். உங்களுக்குச் சாதாரணப் பதிவே நல்லது.

கூடவே இன்னொன்று. சேஸிஸ் எண்ணின் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பதிவெடுத்து வையுங்கள், போட்டோவும் எடுங்கள். என்னிடம் வந்த ஒரு ஜாவாவின் ஃப்ரேமை வெளியே மணல் வீசித் துருவெடுக்கக் கொடுத்தோம். எண் இருந்த இடத்தையும் சேர்த்துத் தேய்த்து, மேலே பட்டி பார்த்துப் பளபளவென்று கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்த வண்டிக்காரர் எண்ணை நிரூபிக்க அலைந்த அலைச்சலை நேரில் பார்த்தவன் நான்.

சரி, கிக்கருக்கு வருவோம். உங்கள் வண்டியில் கியர் லீவரும் கிக்கரும் ஒன்றுதான். உள்பக்கமாக அழுத்தி மேலே திருப்பினால் அது கிக்கர். அது இறங்கவில்லை என்றால் பிஸ்டன் பிடித்திருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். சிலிண்டர் வார்ப்பிரும்பு. 14 மழைக்காலத்தின் ஈரத்தில் அதன் சுவர் துருப்பிடித்து, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கைக் கவ்வியிருக்கும். பிளக்கைக் கழற்றுங்கள். டீசலும் என்ஜின் ஆயிலும் சரிபாதி கலந்து அந்த ஓட்டை வழியாக ஊற்றுங்கள். நான்கு நாள் தொடாதீர்கள். ஐந்தாம் நாள் டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். நூலளவு அசைந்தாலும் போதும், மறுபடி ஊற்றிவிட்டு மறுநாள் வாருங்கள். கிக்கர் மேல் ஏறி நிற்பது, சுத்தியலை எடுப்பது இரண்டும் வேண்டாம்.

பிஸ்டன் விட்டுக்கொடுத்ததும் உடனே ஸ்டார்ட் செய்யத் தோன்றும். செய்யாதீர்கள். பிடித்திருந்த என்ஜினை உள்ளே பார்க்காமல் ஓட்டினால் துரு பிஸ்டனைக் கீறிவிடும். ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரை மேலே உருவி எடுங்கள். இது டூ ஸ்ட்ரோக், வால்வு கிடையாது, புஷ்ராடு கிடையாது. முதன்முதலாகக் கை வைப்பவருக்கு இதைவிட எளிய என்ஜின் அமையாது. சிலிண்டருக்குள் துருவைத் துடைத்துவிட்டு விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் புது ரிங் போட்டால் போதும். நகம் இடறினால் போரிங் பண்ண வேண்டும், அதாவது சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து கொஞ்சம் அகலமாக்க வேண்டும். அப்போது பிஸ்டனை முதலில் வாங்கிக்கொண்டு, அதையும் சிலிண்டரையும் சேர்த்து லேத் பட்டறையில் கொடுங்கள். பிஸ்டனுக்குத் தகுந்த மாதிரிதான் போர் அடிக்க வேண்டும். போர் அடித்துவிட்டுப் பிஸ்டன் தேடினால் திண்டாட்டம். கம்பெனி அளவு 65 மில்லிமீட்டர், ஏற்கெனவே அடித்திருந்தால் பிஸ்டன் தலையில் அளவு பொறித்திருக்கும்.

அடுத்தது கரண்ட். இந்த வண்டியில் பேட்டரி உயிரோடு இருந்தால்தான் பிளக்கில் தீப்பொறி வரும். ஆறு வோல்ட் பேட்டரி வேண்டும். சோதித்துப் பார்க்க எமர்ஜென்சி விளக்கில் இருக்கும் சின்ன 6 வோல்ட் பேட்டரியே போதும். வலப்பக்க மூடியைக் கழற்றினால் டைனமோ தெரியும், அதன் மேல்தான் பாயின்ட் இருக்கிறது, கரண்டை வெட்டிவிட்டுப் பொறியை வரவைக்கும் சின்ன சுவிட்ச் அது. கிட்டே டார்ச் அடித்துப் பாருங்கள். எதிரெதிரே இரண்டு சின்னப் பொட்டுகள். வெள்ளியாக மின்ன வேண்டிய அவை புளியங்கொட்டை நிறத்தில் இருக்கும். அந்தப் படலம்தான் பாதி வண்டிகளைக் கொட்டகையிலேயே நிறுத்திவைத்திருக்கிறது. மெல்லிய எமரி பேப்பரால் இரண்டு இழுப்பு. அப்புறம் பெட்ரோலில் நனைத்த விசிட்டிங் கார்டை இடையில் விட்டு, கறுப்பு ஒட்டாமல் வரும்வரை இழுங்கள். என்ஜினைச் சுற்றி பாயின்ட் நன்றாக விரியும் இடத்தில் நிறுத்தி, இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) 0.4 மில்லிமீட்டர் வையுங்கள். தகடு உரசிக்கொண்டு போக வேண்டும், தள்ளிக்கொண்டு போகக் கூடாது. இந்த உரசலைக் கை பழகிவிட்டால் பாதி மெக்கானிக் ஆகிவிட்டீர்கள். பிளக்கை ஹெட்டின் மேல் சாய்த்து வைத்துக் கிக் அடியுங்கள். நீலமாகப் பொறி வந்தால் போதும், மஞ்சளாகச் சோம்பி வந்தால் பாயின்ட்டோடு சேர்ந்து வேலை செய்யும் கண்டென்சரை மாற்றுங்கள். இந்தச் சோதனையின்போது பக்கத்தில் பெட்ரோல் இருக்கக் கூடாது.

பெட்ரோல் டேங்கை இப்போது நம்ப வேண்டாம், உள்ளே துருவும் கோந்துமாக இருக்கும். பெட்ரோல் டியூபை ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் மாட்டி மேலே கட்டித் தொங்கவிடுங்கள். கார்புரேட்டரைக் கழுவும்போது, பெட்ரோல் அளவாகப் போகும் ஜெட் ஓட்டையில் குண்டூசி விடாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிடும். ஒயரின் ஒற்றைச் செம்பு இழை போதும். பெட்ரோல் லிட்டருக்கு 40 மில்லி டூ-டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கான ஆயில்) கலக்க மறக்காதீர்கள். கிளட்ச் பக்க ஆயிலையும் மாற்றிவிட்டு, திறந்தவெளியில், பக்கத்தில் ஒரு வாளி மணலோடு கிக் அடியுங்கள்.

முதலில் ஊரே மறையும் அளவுக்குப் புகை வரும், பயப்படாதீர்கள். நீங்கள் ஊற்றிய எண்ணெய்தான் எரிகிறது. கால் மணி நேரத்துக்குப் பிறகும் குறையாமல், கிளட்ச் பக்க ஆயில் மட்டம் மட்டும் இறங்கினால் இடப்பக்க கிராங்க் ஆயில் சீல் போய்விட்டது, என்ஜின் அந்த ஆயிலை உறிஞ்சுகிறது. மாறாக, ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் என்ஜின் தானாக அலறினால் டைனமோ பக்க சீல் வழியாகக் காற்று இழுக்கிறது. உடனே சாவியை அணையுங்கள். 14 வருடம் நின்ற ரப்பர் என்பதால் இரண்டில் ஒன்று போயிருக்க வாய்ப்பு அதிகம். சீல் மாற்றும் வேலைக்கு மட்டும் விவரம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட ஆரம்பித்த பிறகு பிரேக் ஷூ, டயர், டியூப், கேபிள்கள், சக்கர பேரிங். இவை முடியாமல் தெருவில் இறக்காதீர்கள். அதற்கும் பிறகுதான் பெயின்ட். அதையும் இரண்டு தடவை யோசியுங்கள். டேங்கின் இரு பக்கமும் அப்பாவின் முழங்கால் உரசித் தேய்ந்த இடம் இருக்கும். எந்தப் பெயின்டரும் அதைத் திருப்பித் தர முடியாது. துருவை நிறுத்தி, மெழுகு போட்டுத் துடைத்து, ஒரு வருடம் அப்படியே ஓட்டிப் பாருங்கள். கழற்றும்போதெல்லாம் போட்டோ எடுங்கள். ஒரு வேலைக்கு ஒரு டப்பா, டப்பா மேல் பெயர் எழுதுங்கள்.

கேள்வி: மாமா தன் 1974 புல்லட்டை எனக்குக் கொடுத்துவிட்டார். புதிதாக ஸ்பானர் செட் வாங்கினேன். 13 நுழையவில்லை, 14 வழுக்குகிறது. மட்டமான செட் வாங்கி ஏமாந்துவிட்டேனா?
— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: இல்லை அம்மா, உங்கள் செட் நன்றாகத்தான் இருக்கிறது. புல்லட் திருவொற்றியூரில் செய்தது என்றாலும் வடிவமைப்பு இங்கிலாந்துடையது. அந்தக் காலத்து நட்டு, போல்ட்டெல்லாம் அங்குலக் கணக்கு. அதற்கு விட்வொர்த் என்ற பழைய இங்கிலீஷ் அளவு ஸ்பானர் வேண்டும். அதில் 1/4 என்று போட்டிருந்தால் அது போல்ட்டின் குறுக்களவு, ஸ்பானர் வாயின் அளவு இல்லை. வாய் 13.3 மில்லிமீட்டர் வரும், உங்கள் 13-க்கும் 14-க்கும் நடுவில். அடுத்த அளவான 5/16 ஏறத்தாழ 15.2. 14-ஐ வைத்துப் பலமாகத் திருகாதீர்கள், நட்டின் முனை உருண்டுவிடும். 3/16, 1/4, 5/16, 3/8 என்று நான்கு ரிங் ஸ்பானர் இருந்தால் பெரும்பாலான வேலை நடக்கும். சென்னைக்குப் போனால் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் தேடுங்கள். பழைய இங்கிலீஷ் ஸ்பானர் கிடைத்தால் துருவைப் பார்க்காமல் வாங்குங்கள், வாய் விரியாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இன்னொரு விஷயம்: யாராவது நடுவில் மில்லிமீட்டர் போல்ட்டை மரையில் திணித்திருக்கலாம். கையால் மூன்று சுற்று இலகுவாக ஏறாத போல்ட்டை ஸ்பானரால் ஏற்றாதீர்கள்.

கேள்வி: பழைய ராஜ்தூத் ஒன்றைச் சரிசெய்து வைத்திருக்கிறேன். வேலைக்காக ஆறு மாதம் வெளியூர் போகிறேன். டேங்கை நிரப்பி வைத்தால் துரு பிடிக்காது என்கிறார்களே?
— வாசகர், சிதம்பரம்

பதில்: அது எத்தனால் கலக்காத பெட்ரோல் காலத்துப் பேச்சு. இப்போது வருவதில் 20 சதவீதம் வரை எத்தனால். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், துரு அங்கேதான் தொடங்கும். சிதம்பரத்துக் கடற்காற்றில் நான் அந்தத் துணிச்சலைக் காட்ட மாட்டேன். பெட்ரோலை முழுதாக இறக்குங்கள். குழாயை மூடி, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பது தீர்ந்து வண்டி தானே நிற்கும்வரை ஓடவிடுங்கள். டேங்க் காய்ந்ததும் கால் டம்ளர் டூ-டி ஆயிலை ஊற்றி எல்லாப் பக்கமும் படும்படி உருட்டுங்கள். பிளக் ஓட்டையிலும் ஒரு ஸ்பூன் விட்டு இரண்டு கிக் மெல்ல அடித்து, பிளக்கை மாட்டிவிடுங்கள். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். டயர் தரையில் படாமல் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்பக்கம் ஒரு கட்டை கொடுங்கள். தார்ப்பாய் வேண்டாம், உள்ளேயே வியர்க்கும். பழைய பருத்திப் போர்வை போதும்.